சர்க்கரை 184, ரத்தமோ அமிலம்: குடல் அறுவைக்குப் பின் வந்த கீட்டோஅசிடோசிஸ்

கீட்டோஅசிடோசிஸ் என்பது, இன்சுலின் போதாமல் கொழுப்பு கரைந்து, கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் ரத்தத்தில் குவியும் நிலை. கீழே வருவது ஒரு தனி நபரின் கேஸ் ஷீட் அல்ல. அறுவைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகளை ஒரே நோயாளியின் மேல் வைத்துக் காட்டும் மாதிரி நிகழ்வு. இங்கே வரும் அளவுகள் இவருடைய எடைக்கும் நிலைக்கும் உரியவை. இன்னொருவருக்கு அப்படியே பொருந்தா.

நோயாளியும் அவருடைய மாத்திரைகளும்

வயது 58, பெண், எடை 64 கிலோ. 14 ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.1 சதவீதம், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 68. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுக்கட்டி இருந்ததால், சர்க்கரை இன்னும் சீராகட்டும் என்று காத்திருக்க வழியில்லை. அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டது.

அவர் எடுத்துக்கொண்டிருந்தவை நான்கு: மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலை, இரவு, கிளைமிபிரைட் 2 மி.கி. காலை, எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. காலை, படுக்கும் முன் கிளார்ஜின் என்ற நீண்ட கால இன்சுலின் 16 அலகு.

கையில் கொடுத்த குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: "அறுவை நாள் காலையில் சர்க்கரை மருந்து எதுவும் வேண்டாம்." வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் முந்தைய இரவு கிளார்ஜினும் போடப்படவில்லை. எம்பாகிளிஃப்ளோசினின் கடைசி மாத்திரையை அவர் அறுவைக்கு முந்தைய நாள் காலையில் விழுங்கியிருந்தார். குடலைச் சுத்தம் செய்வதற்காக இரண்டு நாள் நார் குறைந்த உணவு, மூன்றாம் நாள் வெறும் திரவம், கூடவே பேதி மருந்து.

இந்த நிகழ்வின் வேர் அந்த ஒரு வரிக் குறிப்பில் இருக்கிறது. நான்கு மருந்துகளும் உடலில் நான்கு விதமாக நடந்துகொள்பவை. ஒன்றை ஒரு வேளை நிறுத்தினால் போதும். ஒன்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஒன்றை நிறுத்தவே கூடாது.

அறுவையும் அடுத்த 46 மணி நேரமும்

காலை 8 மணிக்குத் தொடங்கிய லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை), வயிற்றுக்குள் ஒட்டிப்போன திசுக்கள் அதிகமாக இருந்ததால் பாதியில் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையாக மாறியது. நான்கு மணி நேரம் ஆனது. குமட்டலைத் தடுக்க, மயக்கம் கொடுக்கும்போதே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 8 மி.கி. போடப்பட்டது. டிரிப்ஸில் போனது 0.9 சதவீத சலைன் மட்டும். சர்க்கரை நோயாளி என்பதால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) தவிர்க்கப்பட்டது.

வார்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து ஸ்லைடிங் ஸ்கேல்படி ரெகுலர் இன்சுலின் தோலுக்கடியில் போட உத்தரவு: 150 வரை எதுவும் வேண்டாம், 151 முதல் 200 வரை 2 அலகு, 201 முதல் 250 வரை 4 அலகு. மதியம் 2 மணிக்கு 214, இரவு 8 மணிக்கு 236, நள்ளிரவுக்குப் பின் 198. மறுநாள் 172, 158, 146. அதற்கடுத்த அதிகாலை 2 மணிக்கு 162. அட்டவணையைப் பார்ப்பவருக்கு மனநிறைவு தரும் எண்கள். இந்த 36 மணி நேரத்தில் அவர் உடலுக்குள் போன மொத்த இன்சுலின் 16 அலகு. அதுவும் ஒவ்வொரு தடவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும் குறுகிய கால இன்சுலின். கிளார்ஜின் மூன்று இரவுகள் தொடர்ந்து விடுபட்டிருந்தது.

முதல் நாள் ரத்தப் பரிசோதனையில், அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் 17 என்று குறைவாக வந்தது. நிறைய சலைன் ஏற்றினால் குளோரைடு கூடி பைகார்பனேட் இறங்குவது வழக்கம்தான் என்பதால், அந்த விளக்கத்தோடு விட்டுவிட்டார்கள். அன்று சோடியம் 140, குளோரைடு 106. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்துப் பார்த்திருந்தால், அயனி இடைவெளி எனப்படும் மிச்சம் 17. ஆல்புமின் 2.8 ஆக இறங்கியிருந்ததால் அதற்கு இன்னும் 3 சேர்க்க வேண்டும், ஆக 20. சலைனால் வரும் அமிலத்தன்மையில் இந்த இடைவெளி விரியாது. அளக்கப்படாத வேறொரு அமிலம் ரத்தத்தில் சேர்கிறது என்று அந்தத் தாளே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு தடயமும் கண்முன்னே இருந்தது. 24 மணி நேரத்தில் சிறுநீர் 3.1 லிட்டர். "சிறுநீர் நன்றாகப் போகிறது" என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. பெரிய வயிற்று அறுவைக்கு அடுத்த நாள் உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் மூன்று லிட்டர் போகிறது என்றால் நீரை இழுத்துக்கொண்டு வேறு எதுவோ வெளியேறுகிறது. சிறுநீரில் சர்க்கரை பார்க்க ஒரு பட்டை போதும், யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் அதிகாலையில் வாந்தி. நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 104/64, மூச்சு நிமிடத்துக்கு 30. காய்ச்சல் இல்லை, வயிறு மென்மையாகவே இருந்தது. "வலி பரவாயில்லை, மூச்சுதான் எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை" என்றார் நோயாளி. தையல் விட்டுக் குடல் கசிகிறதோ, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்ததோ என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. அப்படிச் சந்தேகிப்பது சரியே. சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது, கசிவும் இல்லை, ரத்தக்கட்டியும் இல்லை.

காலை 6 மணிக்கு எடுத்த ரத்த வாயுப் பரிசோதனைதான் விஷயத்தை உடைத்தது. பி.எச். 7.18, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 22, பைகார்பனேட் 8. சோடியம் 139, குளோரைடு 105, இடைவெளி 26. லாக்டிக் அமிலத்தைக் காட்டும் லாக்டேட் 1.7 மட்டுமே. பொட்டாசியம் 4.1. விரல் நுனி ரத்தத்தில் கீட்டோன் லிட்டருக்கு 6.1 மில்லிமோல். சர்க்கரை 184.

பி.எச். 7.3க்குக் கீழே, பைகார்பனேட் 18க்குக் கீழே, கீட்டோன் 3க்கு மேலே. மூன்றும் சேர்ந்தால் அது கீட்டோஅசிடோசிஸ்தான். அப்போதும் சர்க்கரை 200க்குக் கீழேயே இருந்ததுதான் வேறுபாடு.

உடலுக்குள் என்ன நடந்தது

அறுவை என்பது உடலைப் பொறுத்தவரை ஒரு பெரிய காயம். கார்டிசால், அட்ரினலின், குளூக்ககான், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன. கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்துக் கொட்டுகிறது, தசை அதை வாங்க மறுக்கிறது, கொழுப்பு கரைந்து கொழுப்பமிலங்களாக ரத்தத்தில் இறங்குகிறது. நேற்று வரை 10 அலகு இன்சுலின் செய்த வேலைக்கு இன்று கூடுதலாகத் தேவைப்படும். வெட்டு எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு இந்த எதிர்ப்பும் பெரிது. கண்புரை அறுவையில் இது அற்பம். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் இது நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். டெக்ஸாமெத்தசோன் இதன் மேல் இன்னும் ஒரு நாளைக்குச் சுமை ஏற்றுகிறது.

இன்சுலின் குறைவாக இருந்தால் வழக்கமாகச் சர்க்கரை 300, 400 என்று ஏறி நம்மை எச்சரிக்கும். இவருக்கு ஏறவில்லை. காரணம் எம்பாகிளிஃப்ளோசின்.

சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உறிஞ்சலுக்கான எஸ்.ஜி.எல்.டி.2 என்ற கடத்தியை எம்பாகிளிஃப்ளோசினும் டபாகிளிஃப்ளோசினும் தடுக்கின்றன. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் குளுக்கோஸ் சிறுநீரோடு போய்விடும். ரத்தச் சர்க்கரை இறங்குவது இன்சுலின் நன்றாக வேலை செய்வதால் அல்ல. பாத்திரத்தில் ஓட்டை போட்டதால். இதே மருந்துகள் குளூக்ககானைச் சற்றுக் கூட்டுகின்றன. கல்லீரலில் கீட்டோன் உற்பத்திக்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

ஸ்லைடிங் ஸ்கேல் ஏன் கைவிட்டது என்பது இப்போது விளங்கும். அது சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து இன்சுலினை நிர்ணயிக்கிறது. இவருடைய எண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தது சிறுநீரகம். எண் குறையக் குறைய ஸ்கேல் இன்சுலினைக் குறைத்தது, இன்சுலின் குறையக் குறைய கொழுப்பு கரைந்து கீட்டோன் ஏறியது. பட்டினியும் சேர்ந்துகொண்டது. அறுவைக்கு முன் மூன்று நாள் அரைகுறை உணவு, பின் இரண்டு நாள் வெறும் சலைன். மாவுச்சத்து துளியும் இல்லாத உடலில் கீட்டோனை அடக்கிவைக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.

எம்பாகிளிஃப்ளோசினின் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 12 மணி நேரம். கடைசி மாத்திரைக்கும் கத்தி வைத்த நேரத்துக்கும் இடையே 24 மணி நேரம் என்றால் மருந்தின் கால் பங்கு அப்போதும் ரத்தத்தில் உண்டு. சிறுநீரில் சர்க்கரை போவது பழைய நிலைக்குத் திரும்பவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்; சிலருக்கு அதையும் தாண்டும். மாத்திரையை நிறுத்திய நேரம் வேறு, மாத்திரையின் வேலை நிற்கும் நேரம் வேறு. இதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் இம்மருந்துகளின் குறிப்புத்தாளை மாற்றி, திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின், கேனாகிளிஃப்ளோசின் ஆகியவற்றையும், நான்கு நாள் முன்பே எர்டுகிளிஃப்ளோசினையும் நிறுத்தச் சொன்னது. இந்த மருந்துகள் இன்று இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் கூடத் தரப்படுகின்றன. ஆகவே "சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் சிலர் இல்லை என்றே சொல்வார்கள். மாத்திரை அட்டையையே வாங்கிப் பார்ப்பது நல்லது. மெட்ஃபார்மினோடு சேர்த்த கூட்டு மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும்.

சிகிச்சை

இந்த நிலையில் இன்சுலினும் குளுக்கோஸும் ஒரே நேரத்தில் வேண்டும். சர்க்கரை 184 என்பதைப் பார்த்து இன்சுலின் கொடுக்கத் தயங்குவதும், சர்க்கரை நோய் என்பதை நினைத்து டெக்ஸ்ட்ரோஸுக்குத் தயங்குவதும் இங்கே ஒரே தவறின் இரு முகங்கள்.

ஐ.சி.யூ.வில் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம். கூடவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 125 மி.லி., அதாவது 12.5 கிராம் குளுக்கோஸ். 50 மி.லி. சிரிஞ்சில் 50 அலகு ரெகுலர் இன்சுலினைச் சலைனில் கலந்து, மணிக்கு 6 அலகு. கிலோவுக்குச் சுமார் 0.1 அலகு. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. கலவையில் 20 மி.லி. அளவைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிய பிறகே நோயாளிக்கு இணைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சில மணி நேரம் பம்ப் காட்டும் அளவு ஒன்று, ரத்தத்துக்குப் போகும் அளவு வேறு.

பொட்டாசியம் 4.1 என்பது இங்கே நிம்மதியான எண் அல்ல. அமிலத்தன்மை பொட்டாசியத்தைச் செல்லிலிருந்து வெளியே தள்ளி வைத்திருக்கிறது. இன்சுலின் ஓடத் தொடங்கியதும் அது உள்ளே போய்விடும். லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிமோல் வீதம் முதலிலிருந்தே சேர்க்கப்பட்டது. நான்காம் மணியில் 3.6. தொடக்கத்திலேயே 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகே இன்சுலின். மாற்றிச் செய்தால் இதயத் துடிப்பு தடம் புரளும்.

மூன்றாம் மணியில் சர்க்கரை 118. இன்சுலினைக் குறைக்கக் கை பரபரக்கும் இடம் இது. குறைக்கவில்லை, டெக்ஸ்ட்ரோஸ் 175 மி.லி. ஆக்கப்பட்டது. சர்க்கரை 150க்கும் 200க்கும் இடையில் நின்றது, கீட்டோன் 6.1லிருந்து 3.9க்கு இறங்கியது. பன்னிரண்டாம் மணியில் 1.6.

அதன்பின் ஒரு சறுக்கல். இரவு 8 மணிக்குச் சர்க்கரை 132 என்று வந்ததும், வார்டில் வழக்கமாகப் பயன்படும் அட்டவணைப்படி பம்ப் மணிக்கு 1 அலகாகக் குறைக்கப்பட்டது. அந்த அட்டவணை சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது, கீட்டோனைத் தீர்ப்பதற்காக அல்ல. ரத்தக்குழாய் வழியே ஏறும் இன்சுலினின் அரை ஆயுள் சில நிமிடங்கள்தான்; பம்ப் குறைந்தால் பலனும் உடனே குறைந்துவிடும். மூன்று மணி நேரத்தில் கீட்டோன் 2.8 ஆக ஏறியது. மீண்டும் 6 அலகு, மீண்டும் டெக்ஸ்ட்ரோஸ். பம்பின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: "கீட்டோன் 0.6க்குக் கீழே வரும்வரை இன்சுலினைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை இறங்கினால் டெக்ஸ்ட்ரோஸைக் கூட்டவும்." அன்று இரவு 10 மணிக்கு, டிரிப் ஓடும்போதே, கிளார்ஜின் 14 அலகும் போடப்பட்டது.

27ஆம் மணியில் கீட்டோன் 0.5, பி.எச். 7.36, பைகார்பனேட் 20, இடைவெளி 12. கஞ்சியும் திரவங்களும் உள்ளே இறங்கத் தொடங்கியபின் பம்ப் நிறுத்தப்பட்டது. தோலுக்கடியில் நீண்ட கால இன்சுலின் வேலை செய்யத் தொடங்கும் முன் பம்பை நிறுத்தினால் நடுவே ஒரு வெற்றிடம் விழும். குறைந்தது இரண்டு மணி நேரமாவது இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும்.

சிறுநீர்ப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கீட்டோனுக்கான சிறுநீர்ப் பட்டை அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனைத்தான் காட்டும். இங்கே பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன். நோய் ஏறும்போது பட்டை குறைத்துக் காட்டும், இறங்கும்போது மெதுவாகவே மாறும். கணக்கு ரத்தக் கீட்டோனில்தான். சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டை வேறு விஷயம். இவருக்கு அது ஐந்தாம் நாள் வரை அழுத்தமான நிறம் காட்டியது.

மற்ற மாத்திரைகள்

மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதில்லை. அது மாறாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. அறுவையில் ரத்த அழுத்தம் சரிந்தாலோ, நீரிழப்பு வந்தாலோ, வலிக்குக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளால் சிறுநீரகம் சுணங்கினாலோ அது தேங்கும். லாக்டேட் ஏறும் ஆபத்து அப்போதுதான். இவருடைய இ.ஜி.எஃப்.ஆர். இரண்டாம் நாள் 52க்கு இறங்கியிருந்தது, அதன் மேல் ஸ்கேனுக்கான அயோடின் மருந்தும் ஏறியது. 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை மறுபடி பார்க்கும்வரை மெட்ஃபார்மின் தொடங்கப்படவில்லை. ஏழாம் நாள் 66க்குத் திரும்பிய பிறகு 500 மி.கி. இருவேளை.

கிளைமிபிரைட் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும். சாப்பாடு வருகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. குடல் அறுவைக்குப் பின் இரைப்பை சில நாள் உறங்கிக் கிடக்கும். அப்போது விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடந்து, குடல் விழிக்கும் நாளில் எதிர்பாராமல் உள்ளே போகலாம். சிறுநீரகமும் சுணங்கியிருந்தால் தாழ்சர்க்கரை ஒரு முறை சரிசெய்ததோடு முடியாது. குளுக்கோஸ் கொடுத்து எழுப்பியவரைச் சில மணி நேரத்தில் மறுபடி சாய்க்கும். உணவு முழுமையாகத் திரும்பும்வரை இதற்கு அவசரமே இல்லை.

இவர் எடுக்காத சர்க்கரை மருந்துகளில் லினாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் வகை சாதுவானவை. தாழ்சர்க்கரை பயமும் பெரிதாக இல்லை. வாராந்தர ஊசியான செமாகுளூட்டைடுக்கு வேறு பிரச்சினை. அரை ஆயுள் ஒரு வாரம். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தவரின் வயிற்றிலும் உணவு தங்கியிருந்து, மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் ஏறலாம். 2023இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024இல் பல சங்கங்கள் கூடி அதைத் தளர்த்தி, ஆபத்துள்ளவரைத் தனித்துப் பார்த்து முந்தைய நாள் திரவ உணவு, தேவையானால் வயிற்று அல்ட்ராசவுண்ட் என்று மாற்றின.

இவருக்கு எழுதியிருக்க வேண்டிய குறிப்பு

அறுவைக்கு நான்கு நாள் முன்பு காலை எம்பாகிளிஃப்ளோசினின் கடைசி மாத்திரை. அதன்பின் மூன்று முழு நாள் இல்லை. உணவைக் குறைக்கும் நாள்களும் இதே நாள்கள் என்பதால் இந்த இடைவெளியில் சமரசம் கூடாது. முந்தைய இரவு மெட்ஃபார்மின் வழக்கம்போல், அறுவை நாளில் இல்லை. கிளைமிபிரைட் அறுவை நாள் காலையில் இல்லை. முந்தைய இரவு கிளார்ஜின் 16 அலகுக்குப் பதில் 12 அல்லது 13. அதாவது வழக்கமான அளவில் சுமார் 75 முதல் 80 சதவீதம். முழுதாக நிறுத்துவது ஒருபோதும் இல்லை. முதல் வகை நோயாளிக்கு இந்த வரியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அறுவை நேரத்தில் சர்க்கரை 100 முதல் 180 வரை. அன்று காலை ஒரு முறையும், பிறகு வாந்தி, மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனேயும் ரத்தக் கீட்டோன்.

மருந்து நிறுத்தப்படவில்லை என்று அறுவை நாளில்தான் தெரியவந்தால், தள்ளிவைக்கக்கூடிய அறுவையைத் தள்ளிவைக்கலாம். தள்ள முடியாவிட்டால் டெக்ஸ்ட்ரோஸும் இன்சுலினும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து ஓட வேண்டும், கீட்டோன் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

நான்காம் நாள் அவருக்குத் தேவைப்பட்ட இன்சுலின் 42 அலகு. வீட்டில் போட்டது 16 என்பதோடு ஒப்பிட்டால் காயம் எழுப்பிய எதிர்ப்பின் அளவு தெரியும். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகும்போது கிளார்ஜின் 16, மூன்று வேளை உணவோடு 4 அலகு வீதம் 12, மொத்தம் 28. எம்பாகிளிஃப்ளோசின் நிரந்தரமாக நிறுத்தப்பட்டு, காரணம் மருந்துச் சீட்டின் முதல் வரியில் எழுதப்பட்டது.

காயம் ஆற ஆற இன்சுலின் எதிர்ப்பு கரையும். மருத்துவமனையில் நிர்ணயித்த அளவோ அப்படியே இருக்கும். இந்த இடைவெளியில்தான் தாழ்சர்க்கரை வந்து விழும். பசி முழுதாகத் திரும்பாதது வேறு. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் வியர்த்து எழுந்து பார்த்தபோது சர்க்கரை 64. அன்றே கிளார்ஜின் 12 ஆக்கப்பட்டது, உணவு இன்சுலின் நிறுத்தப்பட்டது, காலை அளவுகளைத் தினமும் தொலைபேசியில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. அடுத்த ஒரு வாரம் வெறும் வயிற்றில் 104க்கும் 131க்கும் இடையில் நின்றது. நான்காவது வாரம் மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கியபின் மெட்ஃபார்மின் மட்டும் பழைய 1000 மி.கி. இருவேளைக்கு ஏற்றப்பட்டது. கிளைமிபிரைட் திரும்பத் தேவைப்படவில்லை.